பசுநீலம்: ஒரு கலைச்சொல்லின் தேவை

வண்ண அச்சுக்குரிய நான்கு மைகளுள் மஞ்சளுக்கும் கருப்புக்கும் தமிழ்ப் பெயர்கள் உண்டு. மெஜந்தாவும் சயானும் கடன்சொற்களாகவே வழங்குகின்றன. சயானை 'நீலம்' என்றே குறித்துவிடும் வழக்கும் உண்டு. இவ்வழக்கு கருத்துப்பிழைக்கு இடமளிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

ஒளியில் பச்சையும் நீலமும் கூடினால் தோன்றுவது சயான். அச்சிலோ அது கழித்தலால் தோன்றுகிறது: வெள்ளொளியிலிருந்து சிவப்பை இம்மை உறிஞ்சிவிட, எஞ்சிய பச்சையும் நீலமும் கண்ணை எட்டுகின்றன. அதன்மேல் மஞ்சள் மை படிந்தால் நீலமும் உறிஞ்சப்பட்டுப் பச்சை மட்டும் எஞ்சும். உண்மையான நீல மையோ பச்சையையும் முன்பே உறிஞ்சிவிடுவதால், அதனோடு மஞ்சள் சேர்ந்தால் கருமையே மிகும்.

தருமபுரி மாவட்டத்துக் கம்பைநல்லூரில் தமிழ்வழியில் பயிலும் மாணவர் ஒருவர், 'நீலமும் மஞ்சளும் கலந்தால் பச்சை' என்று கற்பதாகக் கொள்வோம். தம் ஊர்த் திருமண அழைப்பிதழின் வண்ணப்படத்தை அவர் உருப்பெருக்கியால் நோக்கினால், பச்சை இலையில் மஞ்சட் புள்ளிகளோடு கலந்து காண்பவை நீலப் புள்ளிகள் அல்ல. கண் பிரித்தறிவதை அவர் கற்ற சொல் பிரித்துக் காட்டுவதில்லை.

தமிழ் மரபில் இந்நிறங்களின் எல்லைகள் நெகிழ்வானவை. திருமாலின் மேனி கருமையாகவும் நீலமாகவும் பச்சையாகவும் பாடப்பெறுகிறது. 'பசும்பொன்' என்பதில் பசுமை மஞ்சளையும் தழுவுகிறது. இதனைக் குறையெனக் கருத வேண்டுவதில்லை. சயான் என்பதன் மூலமான கிரேக்கச் சொல்லும் தொடக்கத்தில் கருநீலத்தையே குறித்தது. அறிவியல் தேவையே பின்னர் அதன் பொருளை வரையறுத்தது. அத்தகைய வரையறை தமிழுக்கும் இயலும்.

'மயில்நீலம்' எனலாம் என்பர். அழகிய சொல்லே, ஆயினும் மயிற்கழுத்தின் நிறம் இறகின் நுண்ணமைப்பால் விளைவதாதலின், நோக்கும் கோணத்திற்கேற்ப மாறுவது. நிலையான ஓர் அச்சுமைக்கு அது பொருந்தாது. பசுமையும் நீலமும் புணர்ந்த 'பசுநீலம்' பொருத்தமானது. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு நன்னூல் கூறும் 'ஈறுபோதல்' விதிக்கு இது இயைகிறது. பசுமையின் பொருள் விரிவு இங்கு இடர் தராதோ எனின், தராது. நீலத்தோடு சேருங்கால் அது பச்சையையே சுட்டும். பச்சையும் நீலமும் கூடிய ஒளி என்னும் விளக்கமும் சொல்லிலேயே அமைந்துவிடுகிறது.

அச்சகத்தார் நாவில் பயின்ற 'சயான்' என்பதை விலக்க வேண்டுவதில்லை. பாடநூல்களும் கலைச்சொல் அகராதிகளும் 'பசுநீலம் (சயான்)' என இரண்டையும் இணைத்து வழங்கலாம். தவிர்க்க வேண்டியது 'நீலம்' என்னும் பொதுப்பெயர் ஒன்றையே.