பெரும்பாடு

இத்தலைப்பைக் கண்ட மாத்திரத்தில் முகஞ்சுளித்து அடுத்த பக்கம் புரட்டுவார் சிலர் உளர். மாதரின் உடற்பிணி கல்லூரி மலரிற் பேசற்குரியதோ என்பது அவர்தம் வினா. நம் வேதாகமத்தைத் தமிழாக்கினோர் அங்ஙனம் கூசினாரல்லர். பன்னிரண்டாண்டு உதிரப்போக்கால் நலிந்த பெண்ணின் நோயைப் 'பெரும்பாடு' என்னும் மருத்துவச் சொல்லாலேயே குறித்தனர். ஆலயத்தில் அஃது உரக்கவே வாசிக்கப்படுகிறது. வாயிலைக் கடந்ததும் அச்சொல்லை நாம் மறந்துவிடுகிறோம்.

மராட்டிய மாநிலத்துக் கட்சிரோலி மாவட்டத்தில், ராணி பங் என்னும் மருத்துவ அம்மையாரும் அவர்தம் குழுவினரும் இத்தகைய பிணிகளை ஆராய்ந்து, 1989-ஆம் ஆண்டு 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டனர். இரண்டு சிற்றூர்களிலே 650 பெண்களைப் பரிசோதித்ததில், நூற்றுக்கு 92 பேரிடம் ஒன்றேனும் மகளிர் நோய் காணப்பட்டது. சராசரியோ ஒருவருக்கு மூன்றினும் மிகுதி. முன்னர் இதன்பொருட்டு மருத்துவரைக் கண்டிருந்தோர் நூற்றுக்கு எண்மரே. என் உள்ளத்தைத் தைத்தது மற்றொரு கணக்கு. தமக்குக் குறையுண்டென்று கூறியவர் நூற்றுக்கு 55 பேர் மட்டுமே. பிணியிருந்தும் நோவு தோன்றாதிருத்தல் உண்டு, மெய்தான். ஆயினும் தாயும் அவ்வாறே இருந்தாள், தமக்கையும் அவ்வாறே இருக்கிறாள் எனின், எதனைப் பிணியென்று எடுத்துரைப்பாள் ஒருத்தி? எங்கும் பரந்திருப்பதாலேயே அஃது இயல்பெனத் தள்ளப்படுகிறது.

நிற்க. இஃது ஏழைச் சிற்றூர்க்கே உரியதென்று நகரத்தார் ஆறுதல் கொள்ள வேண்டா. கருப்பையின் உட்படலம் போன்ற திசு அதற்குப் புறத்தே வளர்ந்து கடுநோவு தரும் எண்டோமெட்ரியோசிஸ் என்னும் நோய், மகப்பேற்றுப் பருவத்துப் பெண்களுள் ஏறக்குறையப் பத்தில் ஒருவருக்கு உண்டென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அதனை அறவே நீக்கும் மருந்து இன்னும் காணப்படவில்லை, தணிக்கும் வழிகளுண்டு. தம் நோயின் பெயரை அறியுமுன்னரே பலருக்கு ஆண்டுகள் பல கழிந்துவிடுகின்றன. அதுகாறும் "மணமானால் சரியாகும்" என்னும் வீட்டு வைத்தியமே நடைபெறும். இதனை எந்த மருத்துவ நூல் கூறிற்றோ, யானறியேன்!

காய்ச்சலுற்றவர் விடுப்பு விண்ணப்பத்தில் காய்ச்சல் என்றே எழுதுகின்றனர். மாதந்தோறும் துவளும் மாணவியோ 'தலைவலி' என்றெழுதுகிறாள். மூன்றாம் முறை அவள் சோம்பேறி எனப்படுகிறாள். மகளிர் விடுதிக்குத் திங்களுக்கொருமுறையேனும் பெண் மருத்துவர் ஒருவர் வந்து, தனியறையில் மாணவியரைக் காணுமாறு நிருவாகத்தார் ஏற்பாடு செய்தல் வேண்டும். விடுப்புக்கு அவர் கையொப்பமே போதும், காரணம் வேண்டாவென்று விதி செய்யலாம். பழைய மாணவர் சங்கத்தார் மனம்வைப்பின் அடுத்த பருவத்திலேயே இது தொடங்கக் கூடும்.