மூன்று நாள் அவகாசம்: வீடு தேடி வரும் ஜன்னல் வியாபாரம் பற்றி இறக்காமம் மக்களின் கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபை, அம்பாறை மாவட்ட செயலாளர், இறக்காமம் பிரதேச செயலாளர், இறக்காமம் பிரதேச சபை, ஊர்ப் பள்ளிவாசல் நிர்வாக சபைகள், கதவு, ஜன்னல் செய்து விற்கும் நிறுவனங்களும் அவற்றின் முகவர்களும்.

முகவுரை

இறக்காமம், வரிப்பத்தான்சேனை, குடுவில், மாணிக்கமடு ஆகிய ஊர்களில் வீடு வைத்திருப்போரும் வீடு கட்டிக்கொண்டிருப்போருமாகிய நாங்கள் இந்தச் சாசனத்தை முன்வைக்கிறோம். கறையான் தின்ற மர ஜன்னல்களைக் கழற்றிவிட்டு அலுமினிய ஜன்னல் போட எங்களுக்கு ஆசை உண்டு. அதைச் செய்து தரும் பட்டறைகளும் நிறுவனங்களும் பிழைக்க வேண்டும் என்பதிலும் எங்களுக்கு மறுப்பில்லை. வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து, யோசிக்க விடாமல் கையொப்பம் வாங்கும் முறையைத்தான் எதிர்க்கிறோம்.

முகவர்கள் காலம் பார்த்தே வருகிறார்கள். பெரும்போகம் வெட்டி நெல் விற்ற காசு கைக்கு வரும் நாட்கள், பெருநாளைக்கு முன் வீட்டுக்கு வெள்ளையடிக்கும் நாட்கள், கல்யாணத்துக்குத் திகதி குறித்த வீடு ஆகியவற்றை அவர்கள் நன்றாக அறிவார்கள். பெண் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். கல்யாணத்துக்குள் வீட்டை முடிக்க வேண்டிய தாய்தகப்பனுக்கு இருக்கும் அவசரத்தை வேறு யாருக்கும் விளக்கத் தேவையில்லை. அந்த அவசரத்தின் மீதுதான் இந்த வியாபாரம் நடக்கிறது.

முகவர் பெரும்பாலும் முற்பகலில் வருகிறார். வாப்பா வயலில், மாப்பிள்ளை கட்டாரில், வீட்டில் பெண் மட்டும். கையில் அலுமினியச் சட்டத்தின் மூலைத்துண்டு ஒன்று, படப் புத்தகம் ஒன்று, அளவு நாடா ஒன்று. கேட்காமலே ஜன்னலை அளக்கத் தொடங்குகிறார். பலகையை விரலால் தட்டி, “இது இந்த மாரிக்குத் தாங்காது” என்கிறார். முதலில் பெரிய விலை ஒன்றைச் சொல்கிறார். வீட்டுக்காரி தயங்கியதும் முற்றத்தில் நின்று மேலதிகாரியிடம் பேசுவதுபோல் பேசிவிட்டு வந்து விலையைக் குறைக்கிறார். பிறகு, “ராத்தா, இண்டைக்கு ஓம் எண்டு சொன்னாத்தான் இந்த விலை. நாளைக்கு வந்தா எனக்கே தர ஏலாது” என்கிறார். ஆங்கிலத்தில் அச்சடித்த தாள் மேசைக்கு வருகிறது. அட்வான்ஸ் காசு போகிறது. பின்னேரம் வயலால் வந்தவர் தாளைத் திருப்பிப் பார்த்தால், “கொடுத்த முற்பணம் திருப்பித் தரப்படமாட்டாது” என்பது மட்டும் தெளிவாக இருக்கிறது.

இதில் எங்களிடமிருந்து முதலில் பறிபோவது காசு அல்ல, நேரம். கணவனிடம் தொலைபேசியில் கேட்கவும், ஊர் ஓடாவியைக் கூப்பிட்டு மரத்தைக் காட்டவும், அக்கரைப்பற்றிலோ நிந்தவூரிலோ கல்முனையிலோ இன்னொரு விலை கேட்கவும் வேண்டிய நேரம் அது. கூடிய விலையும், மெல்லிய சட்டமும், ஒழுகும் ஜன்னலும் அந்த நேரம் பறிபோனதால் வருபவை. ஆகவே எங்கள் கோரிக்கைகள் அனைத்துக்கும் அடி ஒன்றே: கையொப்பத்துக்குப் பின் மூன்று முழு நாள்.

இது புதிய கோரிக்கை அல்ல

நாங்கள் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், கொடுக்கல் வாங்கலை முறித்துக்கொள்ளும் உரிமையை மூன்று நாள்வரை நிபந்தனையாக வைத்துக்கொள்ள இடமுண்டு. கியாருஷ் ஷர்த் என்று மத்ரஸாக்களில் ஓதிக் கொடுப்பது அதைத்தான்.

உலகச் சட்டங்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. அமெரிக்காவில் 1970களிலிருந்து, வீட்டில் வைத்துச் செய்த விற்பனையை வாங்கியவர் மூன்று வேலை நாட்களுக்குள் ரத்துச் செய்யலாம். எந்த மொழியில் பேசி விற்றார்களோ அதே மொழியில் ஒப்பந்தத்தைக் கொடுக்க வேண்டும் என்றும் அந்த விதி சொல்கிறது. மலேசியாவின் 1993ஆம் ஆண்டு நேரடி விற்பனைச் சட்டம் 10 வேலை நாட்கள் தருகிறது. பிரித்தானியாவில் ஜன்னல் விற்போரின் தொல்லை பேர்போனது. அங்கு 2002இல் பாவனையாளர் அமைப்பொன்று முறையிட்டு, 2004இல் அரசு ஆய்வறிக்கை வெளிவந்து, 2008இல் விதி மாறியது. முகவரை வீட்டுக்காரரே அழைத்திருந்தாலும் ரத்துச் செய்யும் உரிமை உண்டு என்பது அந்த மாற்றம். இன்று அங்கு பொதுவான அவகாசம் 14 நாட்கள். ஆனால் அளவெடுத்துச் செய்யும் பொருளுக்கு அந்த உரிமை பொருந்தாது. ஜன்னல் பெரும்பாலும் அந்த வகைக்குள்தான் விழும். அந்த ஓட்டை இங்கும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே 2ஆம் கோரிக்கையைத் தனியாக எழுதியிருக்கிறோம்.

நிறுவனங்களிடமும் முகவர்களிடமும்

1. வீட்டில் வைத்து எழுதிய எந்த ஒப்பந்தத்தையும் மூன்று முழு நாட்களுக்குள், காரணம் சொல்லாமல், வீட்டுக்காரர் முறித்துக்கொள்ளலாம் என்ற வாசகம் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். சொன்ன விலை அந்த மூன்று நாளும் மாறக் கூடாது. 2022இல் ரூபாய் சரிந்தபோது கட்டடப் பொருட்களின் விலை ஏறிக்கொண்டே போனதை நாங்கள் அனுபவித்தோம். அந்தப் பயத்தை இன்றும் காட்டி அவசரப்படுத்துவதை நிறுத்த வேண்டும்.

2. அந்த மூன்று நாள் கழியும்வரை எங்கள் வீட்டு அளவுக்கு ஒரு சட்டமும் வெட்டக் கூடாது, முற்பணமும் வாங்கக் கூடாது. “வெட்டிவிட்டோம், இனித் திருப்பித் தர முடியாது” என்ற பதிலை நாங்கள் ஏற்கமாட்டோம்.

3. விலைக்கூற்றும் ஒப்பந்தமும் வாங்குபவரின் மொழியில், தமிழிலோ சிங்களத்திலோ, இருக்க வேண்டும். மொத்தச் சதுர அடிக்கு ஒரு விலை என்று எழுதினால் போதாது. சட்டத்தின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர், எந்த உற்பத்தியாளருடையது, எஸ்.எல்.எஸ். தரச்சான்று உள்ளதா, கண்ணாடியின் தடிப்பும் வகையும், பவுடர் கோட்டிங் உண்டா, ரோலரும் லொக்கும் எவை, நுளம்பு வலை உண்டா என்பவை ஒவ்வொன்றாக எழுதப்பட வேண்டும். பழைய நிலையைக் கழற்றும்போது உடையும் சுவரைப் பூசித் தருவது யார் என்பதும் எழுத்தில் வேண்டும்.

4. கழற்றிய பழைய நிலையும் பலகையும் வீட்டுக்காரருக்கே சொந்தம். “குப்பையை நாங்களே ஏற்றிக்கொண்டு போகிறோம்” என்று சொல்லி முதிரையையும் தேக்கையும் இலவசமாக எடுத்துச் செல்லக் கூடாது.

5. பொருளின் குறையையும் வாய் திறந்து சொல்ல வேண்டும். இரண்டு கதவுள்ள ஸ்லைடிங் ஜன்னலை முழுதாகத் திறந்தாலும் இடைவெளியில் பாதிதான் திறக்கும். கச்சான் வீசும் மாதங்களில் கரண்டும் இல்லாத இரவில் அந்தப் பாதி எங்களுக்குப் பெரிய விஷயம். வெளியிலிருந்து உள்ளே தெரியாது என்று விற்கும் பிரதிபலிப்புக் கண்ணாடி பகலில்தான் மறைக்கும். இரவில் உள்ளே விளக்கு எரிந்தால் வீதியில் நிற்பவருக்கு வீட்டுக்குள் தெரியும். திரைச்சீலை தேவையில்லை என்று பெண்களிடம் சொல்லி விற்பது ஏமாற்று.

6. ஜன்னலை மாற்றியே ஆக வேண்டும் என்று சொல்பவர், எந்த ஜன்னல், எந்தப் பகுதி, ஏன் திருத்த முடியாது என்று எழுதித் தர வேண்டும். அடிச்சட்டம் மட்டும் உக்கிய ஜன்னலை ஓடாவி ஒருவர் அந்தச் சட்டத்தை மாற்றிச் சரிசெய்துவிடலாம். ஒன்று உக்கியதைக் காட்டி எட்டையும் மாற்றச் சொல்லக் கூடாது.

7. பணம் நான்கு கட்டமாக இருக்கட்டும். மூன்று நாள் கழிந்தபின் கால்வாசிக்கு மேற்படாத முற்பணம். பொருள் வீட்டுக்கு வந்ததும் பாதி. பூட்டி முடித்து, குழாயால் தண்ணீர் அடித்து ஒழுக்கில்லை என்று பார்த்தபின் மீதி. அந்த மீதியிலும் மொத்தத் தொகையின் பத்தில் ஒரு பங்கை 30 நாள் கழித்தே கொடுப்போம்.

8. தவணைக்குக் கொடுப்பதானால் கைக்காசு விலை, தவணை விலை, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பிந்தினால் என்ன அறவிடப்படும் என்பவற்றை ஒரே பக்கத்தில் எழுத வேண்டும். வட்டியிலிருந்து விலகி நிற்க விரும்பும் குடும்பம், தான் எதில் கையொப்பம் இடுகிறது என்று அறிந்திருக்க வேண்டும்.

9. முகவர் நிறுவனத்தின் அடையாள அட்டையைக் காட்டியே படியேற வேண்டும். போகச் சொன்னால் உடனே போக வேண்டும். வீட்டில் பெண்ணோ வயதானவரோ தனியே இருக்கும்போது ஒப்பந்தம் எழுதக் கூடாது. விலைக்கூற்றைக் கொடுத்துவிட்டு, அவர்கள் சொல்லும் நேரத்தில் திரும்பி வரலாம்.

10. முகவர்களாக வருபவர்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பிடித்துக் கொடுக்கும் ஓடருக்கு மட்டும் கூலி என்றால் அவர்கள் விடாப்பிடியாக நிற்பார்கள். அவர்களுக்கு நிலையான சம்பளம் வேண்டும். நாங்கள் முறித்த ஒப்பந்தத்துக்காக அவர்கள் கையிலிருந்து காசு பிடிக்கக் கூடாது. முகவர் வாயால் கொடுத்த வாக்குக்கு நிறுவனமே பொறுப்பு.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையிடம்

11. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, பொருட்களை விற்கும் நிபந்தனைகள் பற்றி வர்த்தகர்களுக்குப் பணிப்புரை விடுக்கும் அதிகாரத்தை உங்களுக்குத் தருகிறது. அதைப் பயன்படுத்தி, வீட்டில் வைத்து நடக்கும் விற்பனைக்கு மூன்று நாள் அவகாசத்தையும், வாங்குபவரின் மொழியில் ஒப்பந்தத்தையும் கட்டாயமாக்குங்கள்.

12. அதே சட்டத்தின் 13ஆம் பிரிவின்படி, முறைப்பாட்டை விற்பனையோ சேவையோ நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் தர வேண்டும். எங்கள் மண்ணில் இது பொருந்தாது. பெரும்போக நெல் விற்ற காசில் பங்குனியில் ஜன்னல் பூட்டுகிறோம். அது ஒழுகுகிறதா என்று காட்டும் மழை வாடைக்காற்றோடு ஐப்பசி, கார்த்திகையில்தான் வரும். ஒழுக்கு தெரியும்போது முறைப்பாட்டுக் காலம் முடிந்து பல மாதம் ஆகியிருக்கும். வீட்டோடு பொருத்தும் பொருட்களுக்கு இந்தக் காலத்தை 12 மாதமாக நீட்டச் சட்டத்தைத் திருத்தப் பரிந்துரை செய்யுங்கள். ஒரு மாரியாவது கடந்துதான் ஜன்னலின் தரம் தெரியும்.

13. ஏமாற்றும் நடத்தையை 30ஆம் பிரிவும், தரம் பற்றிய பொய்க் கூற்றுகளை 31ஆம் பிரிவும் தடுக்கின்றன. சேவையைக் கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும் என்பதை 32ஆம் பிரிவு சொல்கிறது. இவற்றின் கீழ் வீட்டு விற்பனையையும் சோதியுங்கள். அறுவடைக் காலத்தில் இறக்காமத்துக்கு நடமாடும் சேவை ஒன்றை நடத்துங்கள். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் தமிழில் பேசுபவர் எப்போதும் இருக்க வேண்டும்.

பிரதேச சபையிடமும் பிரதேச செயலகத்திடமும்

14. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் துணைவிதி ஆக்கும் அதிகாரத்தைச் சபைக்குத் தந்திருக்கிறது. எங்கள் எல்லைக்குள் வீடு வீடாகப் போய் ஒப்பந்தம் எழுதும் நிறுவனங்கள் சபையில் பதிய வேண்டும் என்று துணைவிதி ஆக்குங்கள். பதிவுப் பட்டியலைச் சபையின் அறிவித்தல் பலகையில் போடுங்கள்.

15. இந்தச் சாசனத்தின் வழி ஒரு மாதிரி ஒப்பந்தப் படிவத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆக்கி, கிராம உத்தியோகத்தர் அலுவலகங்களில் இலவசமாகக் கிடைக்கச் செய்யுங்கள். தகராறு வந்தால் 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான இணக்க சபையை எப்படி நாடுவது என்பதையும் அதன் பின்பக்கத்தில் அச்சிடுங்கள். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாத குடும்பத்துக்கு முதலில் திறந்திருக்கும் வாசல் அதுதான்.

பள்ளிவாசல் நிர்வாக சபைகளிடம்

16. பெரும்போக அறுவடைக்குப் பிந்திய ஜும்ஆ ஒன்றிலும், பெருநாளுக்கு முந்திய ஜும்ஆ ஒன்றிலும் கொடுக்கல் வாங்கலில் அவகாசம் கேட்பதற்குள்ள உரிமையை மக்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அவகாசம் கேட்பது விற்பவரைச் சந்தேகிப்பதாகாது என்று எங்கள் பெண்களும் முதியவர்களும் துணிவோடு சொல்ல அது உதவும்.

நாங்கள் கொடுக்கும் உறுதி

உரிமை கேட்பவர்கள் கடமையையும் ஏற்க வேண்டும். மூன்று நாள் கழிந்தபின் சொன்ன சொல்லிலிருந்து பின்வாங்கமாட்டோம். வேலை சரியாக முடிந்தால் காசைத் தவணை சொல்லி இழுத்தடிக்கமாட்டோம். நேர்மையாக விலை சொல்லும் பட்டறைக்காரரை, அவர் விலையைக் காட்டி வேறொருவரிடம் பேரம் பேச மட்டும் அலைக்கழிக்கமாட்டோம். முகவராக வந்த பிள்ளையைத் தாகத்தோடு அனுப்பமாட்டோம்; தேநீர் கொடுப்போம், கையொப்பம் அன்றைக்குக் கொடுக்கமாட்டோம்.

சட்டம் மாறும்வரை நாங்கள் காத்திருக்கப் போவதில்லை. இன்றிலிருந்து எங்கள் வீடுகளில் எழுதப்படும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும், “மூன்று நாளுக்குள் முறித்துக்கொள்ளும் உரிமை வாங்குபவருக்கு உண்டு, அதுவரை முற்பணம் இல்லை” என்ற வரியை எங்கள் கையால் எழுதி, விற்பவரின் கையொப்பத்தையும் அதன் கீழ் வாங்குவோம். அந்த வரிக்குக் கையொப்பம் இட மறுப்பவரிடம் வாங்கமாட்டோம்.

இந்தச் சாசனம் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள், ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஏற்கிறீர்களா, மறுக்கிறீர்களா, மறுத்தால் ஏன் என்று எழுத்தில் பதில் தருமாறு கேட்டுக்கொள்கிறோம். வரும் பதில்களை ஊர் அறியப் பள்ளிவாசல் முன்றல்களிலும் சந்திகளிலும் ஒட்டுவோம். பதில் தராதவர்களின் பெயர்ப்பட்டியலையும் சேர்த்து ஒட்டுவோம்.

இவ்வண்ணம்,
இறக்காமம் பிரதேச வீட்டு உரிமையாளர்களும் வீடு கட்டுவோரும்