மங்குஸ்தானும் வௌவாலும்

சாரல் சீசன் வந்தா ஐந்தருவி பக்கம் மங்குஸ்தான், ரம்புட்டான் கூடைங்க வரிசை கட்டி நிக்கும். இப்பல்லாம் வாங்குறவங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான்: "ஆர்கானிக்கா அண்ணாச்சி?" அவரும் சளைக்காம, "ஆமா சார், மருந்தே அடிக்கல"ம்பார். என்னைக் கேட்டா அந்தக் கேள்வியே பத்தாது.

ஆர்கானிக்னா மருந்தே கிடையாதுன்னு யார் சொன்னது? ஐரோப்பாவுல ஒயினுக்கு வளர்க்குற இயற்கைத் திராட்சைத் தோட்டத்துலயும் பூஞ்சாணத்துக்கு போர்டோ கலவை அடிக்கிறாங்க. வேற ஒண்ணுமில்ல, நம்ம மயில்துத்தமும் சுண்ணாம்பும்தான். அதுல இருக்குற தாமிரம் மண்ணை விட்டு லேசுல போகாது. அதனால 2019ல ஐரோப்பிய ஒன்றியம், ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம்தான்னு வரம்பு வச்சுது.

அதனால என்ன அடிச்சாங்கங்கிறதோட, தோட்டத்துல யார் யார் குடியிருக்காங்கன்னும் பாக்கணும். குற்றாலத்துல 1800 வாக்குல கிழக்கிந்தியக் கம்பெனி கிராம்பும் ஜாதிக்காயும் கொண்டாந்து வச்சுது. இன்னிக்கு இந்த மலைத் தோட்டங்கள்ல அதுகளோட மங்குஸ்தான், துரியன் எல்லாம் கலந்துதான் நிக்குது. மங்குஸ்தான் கெட்டிக்காரி, மகரந்தமே வேண்டாம், தானா காய்ச்சுக்கும். ஜாதிக்காய்ல ஆண்மரம் தனி, பெண்மரம் தனி. நடுவுல தூது போறது பொடி வண்டுங்க. துரியனோ சாயங்காலத்துக்கு மேலதான் பூ விரிக்கும். ராத்திரி தேன் குடிக்க வர்ற வௌவாலைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கு.

பிள்ளை வரம் கிடைக்கும்னு நம்பி அந்தத் துரியனை என்ன விலைன்னாலும் வாங்குறாங்க. அதுக்கே வரம் குடுக்குற வௌவாலை, பக்கத்து ரம்புட்டான் மரத்துல போர்த்துன வலையில மாட்டிச் சாக விடுறோம். சட்டமும் லேசுப்பட்டதில்ல. 1972 வனவிலங்குச் சட்டம் பழந்தின்னி வௌவாலை எலி, காக்காயோட தொல்லைப் பிராணியாத்தான் வச்சிருந்துச்சு. 2022 திருத்தத்துலதான் அந்த அட்டவணையே ஒழிஞ்சுது. அம்பது வருஷம்!

ரம்புட்டானைத் தின்னுட்டுப் போனா விவசாயி என்னதான் பண்ணுவார்? நியாயமான கேள்வி. வலை வேண்டாம்னு நான் சொல்லல. மரத்து மேல தொளதொளன்னு எறிஞ்ச வலையிலதான் வௌவால் சிக்கும். கண்ணு சின்னதா, சட்டம் போட்டு விறைப்பா இழுத்துக் கட்டுனா அவ்வளவா சிக்காது. செலவு கூடத்தான் செய்யும். அதுக்காக கிலோவுக்கு இருபது ரூபா கூடக் கேட்டா, பேரம் பேசாம குடுக்க நான் தயார். துரியனை மட்டும் மூக்கைப் பொத்திக்கிட்டுத்தான் வாங்குவேன்.