தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

பொதுப் போக்குவரத்தின் தரத்தை எதைக் கொண்டு அளவிடுவது என்பது செல்வந்த நாடான அமெரிக்காவிலும் விவாதத்துக்குரிய விடயமாகவே இருந்து வருகின்றது. 1904ஆம் ஆண்டு நியூயோர்க்கில் திறக்கப்பட்ட சுரங்க ரயில் சேவை இன்று இரவு பகலாக இயங்குகின்றது. அந்நகரில் சொந்த வாகனம் இல்லாமல் வாழ்வது எவருக்கும் ஒரு குறையாகத் தெரிவதில்லை. லொஸ் ஏஞ்சல்ஸின் கதை வேறு. ஒரு காலத்தில் பரந்த ட்ராம் சேவையைக் கொண்டிருந்த அந்நகரம், 1963ஆம் ஆண்டு தனது கடைசி ட்ராமையும் நிறுத்தியது. பின்னர் 1990ஆம் ஆண்டிலேயே அங்கு நகர ரயில் சேவை மீண்டும் தொடங்கியது. இடைப்பட்ட காலத்தில் கார் வாங்க வசதியற்றவர்களே பெரும் இன்னலை அனுபவித்தனர். இரண்டு நகரங்களிலும் பணத்துக்குக் குறைவில்லை. யாருடைய பயணத்தை முதன்மையாகக் கருதினார்கள் என்பதிலேயே அவை வேறுபட்டன.

சொந்த வாகனம் இல்லாத ஒருவர் தனது தொழிலுக்கும் பாடசாலைக்கும் வைத்தியசாலைக்கும் நேரத்துக்குச் சென்று, இருட்டுவதற்கு முன்னர் வீடு திரும்ப முடிகின்றதா என்பதே உண்மையான அளவுகோலாகும். அதே அளவுகோலை ஊவா மாகாணத்தில் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் விடை எமக்குப் பெருமை தருவதாக இல்லை.

பதுளை, ஹாலி எல, பண்டாரவளை, அப்புத்தளை, வெலிமடை ஆகிய நகரங்களை இணைக்கும் பிரதான வீதிகளின் ஓரத்தில் வசிப்பவர்களுக்குப் பகல் வேளைகளில் பஸ் சேவை ஓரளவு திருப்திகரமானதே. ஆனால் மடுல்சீமை, நமுனுகுலை, பூனாகலை, கொஸ்லாந்தை போன்ற பகுதிகளின் தோட்டப் பிரிவுகளுக்குச் செல்லும்போது நிலைமை முற்றாக மாறிவிடுகின்றது. காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ் என்பதே பல இடங்களில் உள்ள ஏற்பாடு. அதைத் தவறவிட்டால் நடக்க வேண்டும். அன்றேல் முச்சக்கரவண்டிக்கு அன்றைய சம்பளத்தின் பெரும் பகுதியைக் கொடுக்க வேண்டும். பிரசவ வேதனையிலுள்ள தாயைக் கொழுந்து லொறியில் ஏற்றிச் செல்லும் அவலத்தை மலையக மக்கள் நன்கறிவர்.

இத்தனைக்கும் ஊவாவின் மலைகளுக்குப் போக்குவரத்து வசதி தாமதமாக வந்தது என்று கூற இயலாது. பிரதான ரயில் பாதை 1924ஆம் ஆண்டிலேயே பதுளையை வந்தடைந்துவிட்டது. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையிலான ஒன்பது வளைவுப் பாலம் இன்று உலகெங்குமுள்ள சுற்றுலாப் பயணிகளைக் கவர்ந்திழுக்கின்றது. எனினும் மலைநாட்டுக்குப் பாதை அமைக்கப்பட்டதன் முதல் நோக்கம் கோப்பியையும் பின்னர் தேயிலையையும் துறைமுகத்துக்குக் கொண்டு செல்வதாகும். அத்தேயிலையைப் பறித்த கைகளுக்குரியவர்களின் பயணம் அன்றும் கணக்கிற் கொள்ளப்படவில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியால் மலையக ரயில் பாதை பல இடங்களில் சேதமடைந்தபோது, வீதிப் போக்குவரத்து எவ்வளவு இன்றியமையாதது என்பதை நாடு மீண்டும் உணர்ந்து கொண்டது. மழைக்கும் மண்சரிவுக்கும் பழகிப்போன தோட்ட மக்களுக்கு அது புதிய பாடமன்று.

பஸ் ஏன் தோட்டத்துக்கு வருவதில்லை என்று கேட்டால், பாதை சரியில்லை என்ற பதிலே எப்போதும் கிடைக்கின்றது. அதில் உண்மை உண்டு. ஆனால் பாதை ஏன் சரியில்லை என்ற அடுத்த கேள்வியை எவரும் கேட்பதில்லை. தோட்டப் பாதைகள் கம்பனிக் காலத்தில் தனியார் பாதைகளாக அமைக்கப்பட்டவை. 1972, 1975ஆம் ஆண்டுகளில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் முகாமைத்துவம் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளிடம் கையளிக்கப்பட்டது. பாதைகளோ எவருடைய பொறுப்பும் அற்றவையாகத் தேய்ந்து போயின. கம்பனி கொழுந்து லொறி செல்லுமளவுக்கு மட்டுமே பாதையைப் பராமரிக்கின்றது. பிரதேச சபையோ தோட்டத்துக்குள் நிதி செலவிடச் சட்டத்தில் இடமில்லை என்று நீண்ட காலம் கைவிரித்து வந்தது. 2018ஆம் ஆண்டு பிரதேச சபைகள் சட்டம் திருத்தப்பட்டு அத்தடை நீக்கப்பட்டது. சட்டம் மாறிய பின்னரும் பல தோட்டப் பாதைகளில் மாற்றம் தென்படவில்லை என்பதே வேதனைக்குரியது.

இரண்டாவது காரணம் பஸ் சேவையின் அமைப்பிலேயே உள்ளது. 1958ஆம் ஆண்டு பஸ் சேவை தேசியமயமாக்கப்பட்டபோது, இலாபமற்ற வழித்தடங்களிலும் பஸ் ஓட வேண்டும் என்ற கடப்பாடு அரசுக்கு ஏற்பட்டது. 1979இல் தனியாருக்கு அனுமதி வழங்கப்பட்ட பின்னர், பயணிகள் நிறைந்த வழித்தடங்களுக்கே போட்டி ஏற்பட்டது. தனியார் பஸ்ஸின் சாரதியும் நடத்துநரும் அன்றாட வசூலிலேயே தங்கியிருப்பதால், காலையில் மிதிபலகை வரை ஆட்களை ஏற்றுவதும், கூட்டமில்லாத மாலையில் சேவையை நிறுத்திக் கொள்வதும் வழக்கமாகிவிட்டன. தனிப்பட்ட சாரதிகளைக் குறை கூறுவதால் இது தீராது. 2005ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலம் மீண்டும் உருவாக்கப்பட்ட இலங்கைப் போக்குவரத்துச் சபையும் பழைய பஸ்களுடனும் ஆட்பற்றாக்குறையுடனும் போராடி வருகின்றது.

நெரிசலும் பழுதான பாதையும் பிடியிழந்த வாகனமும் ஒன்றுசேரும் மலைப் பாதையில் விபத்துகளுக்குக் குறைவிருக்காது. 2021 மார்ச் 20ஆம் திகதி லுணுகலையிலிருந்து கொழும்பு நோக்கிச் சென்ற தனியார் பஸ் பசறையில் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். 2025 மே மாதம் கொத்மலை, கெரண்டி எல்லயில் இலங்கைப் போக்குவரத்துச் சபை பஸ் கவிழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் பலியாகினர். அதே ஆண்டு செப்டெம்பர் 4ஆம் திகதி எல்ல – வெல்லவாய வீதியில் சுற்றுலா சென்று திரும்பிய 15 பேர் மாண்டனர். ஒவ்வொரு விபத்தின் பின்னரும் அனுதாபச் செய்திகள் வருகின்றன. பாதுகாப்பு வேலிகளும் வாகனப் பரிசோதனையும் அந்த வேகத்தில் வருவதில்லை.

இப்பிரச்சினை தோட்டத் தொழிலாளர்களோடு மட்டும் நின்றுவிடுவதன்று. மரக்கறிச் செய்கையிலும் வியாபாரத்திலும் ஈடுபட்டுள்ள வெலிமடை, குருத்தலாவைப் பகுதி முஸ்லிம் மக்களும், பதுளையிலுள்ள தமிழ் மொழிமூலப் பாடசாலைகளுக்குத் தொலைவிலிருந்து வரும் மாணவர்களும் ஆசிரியர்களும் இதே பஸ்களையே நம்பியிருக்கின்றனர். உயர்தரத்தில் விஞ்ஞானம், கணிதம் கற்பதற்கு நகரப் பாடசாலைக்குச் செல்ல வேண்டிய மாணவிக்கு மாலை பஸ் இல்லையெனில், அவளது கல்வி அங்கேயே முடிந்துவிடுகின்றது. அதனை இடைவிலகல் என்று பதிவு செய்து கொள்கின்றோம். பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டிருந்தும், பஸ்களின் பெயர்ப்பலகைகளில் தமிழ் இல்லாதிருப்பதும், இருந்தாலும் பிழையாக இருப்பதும் இன்னுமொரு குறையாகும்.

தோட்டங்களுக்குப் பஸ் விடுவது நட்டம் என்று அதிகாரிகள் கூறுவர். அது நட்டமே. ஆனால் அந்நட்டத்தை எவ்வாறு ஏற்பது என்பதற்கு அயலிலேயே உதாரணம் உண்டு. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின்னர் இங்கிருந்து சென்ற எம்மவர்கள் பலர் குடியேறிய நீலகிரியில், தோட்டப் பகுதிகளுக்கும் அரச பஸ்கள் செல்கின்றன. 2021ஆம் ஆண்டு தமிழ்நாட்டின் சாதாரண நகரப் பஸ்களில் பெண்களுக்கு அளிக்கப்பட்ட கட்டணமில்லாப் பயணத்தை மலைப் பகுதிகளுக்கும் விரிவுபடுத்த 2024ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில் முன்மொழியப்பட்டது. அங்கும் குறைகள் உண்டு. எனினும் பஸ் சேவை மக்களின் உரிமை என்ற கொள்கை அங்கு ஏற்கப்பட்டுள்ளது. ஆண்டுதோறும் நூறு கோடி டொலருக்கு மேல் ஈட்டித் தரும் தேயிலைத் தொழிலின் உழைப்பாளிகளுக்கு ஒரு மாலை பஸ்ஸை வழங்க இந்நாட்டால் இயலாது என்பதை ஏற்றுக்கொள்ள முடியாது.

புதிய திட்டம் ஒன்றை வகுக்கத் தேவையுமில்லை. கிராமங்களுக்கான 'கெமி செரிய', மாணவர்களுக்கான 'சிசு செரிய' ஆகிய மானிய சேவைகள் ஏற்கனவே உள்ளன. அவற்றைத் தோட்டப் பிரிவுகளுக்கும் முறையாக விரிவுபடுத்தலாம். குறுகிய பாதைகளுக்குச் சிறிய பஸ்களை ஈடுபடுத்தலாம். எந்தத் தோட்டப் பாதை யாருடைய பொறுப்பு என்பதைப் பிரதேச சபைகளும் கம்பனிகளும் எழுத்தில் உறுதி செய்து பகிரங்கப்படுத்த வேண்டும். இலாபமான வழித்தடத்துக்கு அனுமதிப்பத்திரம் பெறுபவர், அதனோடு ஒரு தோட்ட வழித்தடத்திலும் காலையும் மாலையும் ஓட வேண்டும் என்ற நிபந்தனையை மாகாணப் போக்குவரத்து அதிகார சபை விதிக்க வேண்டும்.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவின் மொண்ட்கொமரி நகரில் கறுப்பின மக்கள் சமத்துவத்துக்கான தமது போராட்டத்தை ஒரு பஸ்ஸின் ஆசனத்திலிருந்து தொடங்கி, 381 நாட்கள் பஸ்களைப் புறக்கணித்தனர். ஊவாவின் தோட்ட மக்களுக்குப் புறக்கணிப்பதற்கும் ஒரு பஸ் இல்லை. தேர்தல் காலங்களில் அரசியல்வாதிகளின் வாகனங்கள் எப்படியோ ஏறிவிடும் அதே மலைப் பாதைகளில், தேர்தல் முடிந்த பின்னரும் ஒரு பஸ் தினமும் ஏற வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வருபவர்களிடம், தோட்டத்துக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று எமது மக்கள் முதலில் கேட்கட்டும்.