சரித்திரப் பரீட்சையும் சரித்திர ஞானமும்

பரீட்சைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் விடியுமுன்னே ஓர் ஓசை எழுகிறது. ‘476, ரோமாபுரி வீழ்ந்தது, 1066, நார்மானியர் இங்கிலாந்தை வென்றனர், 1215, மக்னா கார்ட்டா, 1453, கான்ஸ்டாண்டிநோபிள் வீழ்ந்தது’ என்று சிறுவர் உருப்போடும் ஓசையே அது. உலகத்தின் ஆயிரம் ஆண்டுச் சரித்திரம் நான்கு எண்களாய்ச் சுருங்கி, விடைத்தாளில் இறக்கப்பட்டு, மறுநாளே மறக்கப்படுகிறது. மாணாக்கர் மீது நாம் குற்றஞ் சொல்லோம். கேட்கப்படும் வினாவுக்கேற்பவே அவர்கள் படிக்கிறார்கள். குற்றம் வினாவில் இருக்கிறது.

ஆண்டுகள் வேண்டாமென்று நாம் கூறவில்லை. ஆண்டு தெரியாதவனுக்கு முன்பின் விளங்காது. முன்பின் விளங்காதவனுக்குக் காரண காரியம் விளங்காது. ஆயினும், காரணத்தை அறிவதற்காகவே ஆண்டு. 1348-ல் இங்கிலாந்தில் கொள்ளைநோய் புகுந்தது. ஜனங்கள் லட்சக்கணக்கில் மாண்டனர். உழுவதற்கு ஆள் குறைந்தது. எஞ்சிய உழைப்பாளிகள் அதிகக் கூலி கேட்டனர். நோய்க்கு முந்திய கூலிக்கு மேல் எவனும் கேட்கலாகாதென்று 1351-ல் பார்லிமெண்டு சட்டஞ் செய்தது. அச்சட்டத்தின் கொடுமையோடு தலைவரியும் சேரவே, 1381-ல் குடியானவர் கிளர்ந்தெழுந்தனர். இம்மூன்று ஆண்டுகளையும் தனித்தனியே ஒப்பிப்பவன் மூன்று மார்க்கு பெறுவான். அவற்றைக் கோத்துப் பார்ப்பவனோ, சட்டம் யாரால், யாருக்காகச் செய்யப்படுகிறதென்று கேட்கக் கற்றுக்கொள்வான்.

இக்காலம் முழுவதையும் ‘இருண்ட காலம்’ என்றழைக்கும் பழக்கம் மற்றொரு குறை. மேற்கு ஐரோப்பாவைப் பார்த்துச் சூட்டிய பெயர் உலகம் முழுமைக்கும் எப்படிப் பொருந்தும்? பதினோராம் நூற்றாண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். சீனத்தில் 1040-களில் பி ஷெங் என்பவர் களிமண்ணால் தனித்தனி அச்செழுத்துக்களைச் செய்தார். பாரசீகத்தில் இப்னு சீனா இயற்றிய வைத்திய நூலைப் பின்னர் ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பல நூற்றாண்டுகள் பாடமாக வைத்தன. சோழ நாட்டுத் தூதர்கள் 1015, 1033, 1077 ஆகிய ஆண்டுகளில் சீனச் சக்கரவர்த்தியின் சபையை அடைந்தனர். இது இருளா?

இவ்வாறு பரந்து படிக்கும்போது ஒரு சோதனை நேரும். அதையே நாம் எல்லாவற்றினும் முக்கியமாகக் கருதுகிறோம். 1025-ல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை ஸ்ரீவிஜயத்தையும் கடாரத்தையும் தாக்கியது. பெருநிதியைக் கைக்கொண்டதாக அவனுடைய மெய்க்கீர்த்தியே பெருமையுடன் கூறுகிறது. 1025-26-ல் கஜினி மாமூது ஸோமநாதபுரத்தைச் சூறையாடினான். இரண்டும் எல்லா வகையிலும் ஒன்றே என்பது நமது அபிப்பிராயமன்று. நோக்கமும் விளைவும் வேறாயிருக்கலாம். மாணாக்கன் அதை ஆராயட்டும். ஆனால் நம்மவன் செய்தால் வீரம், அயலான் செய்தால் கொள்ளை என்று இரண்டு கோல் கொண்டு அளப்பது சரித்திரமாகாது.

இதற்கு வழிகாட்டியும் அந்நூற்றாண்டிலேயே இருக்கிறார். மாமூது தன் தலைநகருக்குக் கொண்டுசென்ற அறிஞர் அல்பெரூனி, ஸம்ஸ்கிருதம் பயின்று, சுமார் 1030-ல் இந்தியாவைப்பற்றிப் பெருநூல் எழுதி முடித்தார். மாமூதின் படையெடுப்புகள் இந்நாட்டின் செழிப்பைக் குலைத்தன என்பதை அவர் மறைக்கவில்லை. தம் நாட்டுக்கும் தம் கல்விக்கும் நிகரில்லை என்றிருந்த இந்நாட்டாரின் இறுமாப்பையும் அவர் கண்டிக்கத் தவறவில்லை. இரு பக்கத்தாருக்கும் கசக்கும் உண்மையை எழுதியவரின் நூலே ஆயிரம் ஆண்டாக நிலைத்திருக்கிறது.

ஆகவே வினாத்தாள் அமைப்போருக்கு நாம் வற்புறுத்துவது இது: ‘எப்பொழுது’ என்று ஒரு வினா கேட்டால், ‘ஏன்’ என்று இரண்டு கேளுங்கள். உபாத்தியாயர்கள் உலகப் படத்தை மாட்டி, ஒரே நூற்றாண்டில் நான்கு தேசங்களில் நடந்ததை அடுத்தடுத்துக் காட்டுவார்களாக.

இன்று பரீட்சை எழுதும் சிறுவர் நாளை வாக்களிக்கும் பிரஜைகள். பழம்பகையைக் கிளறி வாக்குக் கேட்போர் வருவர். பழம்பெருமை பாடி வாக்குக் கேட்போரும் வருவர். இருவரையும் நோக்கி, ‘இதற்கு ஆதாரம் என்ன?’ என்று கேட்கும் துணிவைச் சரித்திர வகுப்பு தராவிட்டால், வேறெந்த வகுப்பு தரப்போகிறது?