பிரசவத்துக்கு ஊருக்கு வரும் முன், பிள்ளையின் விசாவை யோசிங்க

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்குக் குழந்தையைத் தூக்கி வந்தது பாட்டி. அம்மா எங்கேன்னு கேட்டேன்.

"மக லண்டன்ல நர்ஸு சார். லீவு முடிஞ்சு போயிட்டா. விசிட் விசால கூட்டிட்டுப் போய் அங்கேயே மாத்திக்கலாம்னு யாரோ சொன்னாங்களாம். அது ஆகாதுன்னு தெரிஞ்சு இப்பதான் வேற விசா போட்ருக்காங்க."

ரெண்டு வயசு வரை தாய்ப்பால் கொடுங்கன்னு சொல்றவங்க நாங்க. அந்தப் பிள்ளை கையில் புட்டி. 😔

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பது நம்ம வழக்கம். தப்பில்லை. ஆனா டிக்கெட் போடும் முன் இதைக் கேளுங்க: குழந்தை பிறக்கும் நாளில் பிரிட்டனில் உங்க நிலை என்ன?

👉 பெற்றோரில் ஒருவர் அங்கே குடியேறி, பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கியவரா? குழந்தை இங்கே பிறந்தாலும் பிரிட்டிஷ்தான். விசா தேவையில்லை, பாஸ்போர்ட் எடுக்கணும்.

👉 ஐஎல்ஆர் எனும் நிரந்தர வசிப்புரிமை மட்டுமா? அங்கே பிறந்தால் பிறப்பிலேயே குடியுரிமை. இங்கே பிறந்தால் இல்லை. பிள்ளைக்கு விசா எடுத்தே ஆகணும்.

👉 இருவருக்கும் ஐஎல்ஆர் இருந்தால், குழந்தைக்கும் நேரடியாக நிரந்தர அனுமதி கேட்கலாம்.

👉 ஒருவர் ஐஎல்ஆர், மற்றவர் துணைவர் விசா என்றால், பொதுவாகக் குழந்தைக்கும் காலவரையறை விசாதான். கூடவே வருஷத்துக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம்.

விசிட் விசா செலவு கம்மி, சீக்கிரம் வரும். ஆனா வழக்கமாக ஆறு மாசம்தான். உள்ளே போய் குடியேற்ற விசாவாக மாற்ற முடியாது. மலிவுன்னு அதை எடுக்கிறவங்க கடைசியில் ரெண்டு செலவும் பண்றாங்க. பிள்ளையைப் பிரிந்திருக்கும் மாசங்கள் தனிக்கணக்கு.

மருத்துவரா மூணு விஷயம்:

1. பிறப்பை 21 நாளுக்குள் பதிவு பண்ணுங்க. அப்பா, அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கட்டும். நம்ம இனிஷியல் குழப்பம் அங்கே பெரிய தலைவலி.

2. அடுத்து குழந்தைக்கு இந்திய பாஸ்போர்ட். அது கையில் இருந்தால்தான் விசா வேலையே தொடங்கும்.

3. காசநோய்ச் சான்றிதழை நான் எழுதித் தந்தால் செல்லாது. பிரிட்டன் அங்கீகரித்த மையத்துக்குத்தான் போகணும். 11 வயதுக்குக் கீழே பொதுவாக எக்ஸ்ரே கிடையாது, பயப்படாதீங்க.

கட்டணமும் விதியும் மாறும். பணம் கட்டும் முன் பிரிட்டிஷ் அரசு இணையதளத்தை ஒருமுறை பாருங்க.

சீமந்தத்துக்கு நாள் குறிக்கும்போதே விசாவுக்கும் உட்கார்ந்து பேசிடுங்க. ஒன்பதாம் மாச ஊசிக்குப் பிள்ளையை அம்மா தூக்கிட்டு வரட்டும். 🙏