நோட்டீஸ் ஒட்டினால் பேதி நின்றுவிடுமா?

வாந்திபேதிக் காலம் வந்துவிட்டால் போதும், சுவரெல்லாம் நோட்டீஸ் முளைத்துவிடும். தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள், சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள் என்று எழுதியிருக்கும். நல்ல யோசனைதான், யார் மறுத்தார்கள்? ஆனால் ராத்திரி ஷிப்ட் முடிந்து வருகிறவனும், நாற்று நட்டுவிட்டு இருட்டிய பிறகு வீடு திரும்புகிறவளும் அதைப் படித்துவிட்டு என்ன செய்வது? விறகு எங்கே? குழாய் எங்கே? இதையெல்லாம் கேட்காமல், ஜனங்களுக்குச் சுத்தம் தெரியவில்லை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போகிற கனவான்கள் உண்டு. அவர்களைப் பார்த்து வெறுத்துப்போய், சுகாதாரப் பிரசாரமே ஏமாற்று வேலை என்று சொல்லுகிற தோழர்களும் உண்டு. இரண்டு அபிப்பிராயமும் தவறு என்பது என் கட்சி. அதற்கு வங்க தேசத்தில் நடந்த ஒரு காரியத்தைச் சாட்சியாகச் சொல்கிறேன்.

பேதி கண்ட குழந்தை பெரும்பாலும் எதனால் சாகிறது? உடம்பிலிருக்கும் நீரும் உப்பும் வெளியே போய்விடுவதால் சாகிறது. வெறும் தண்ணீர் கொடுத்தால் அது சரியாக உடம்பில் சேராது. உப்போடு கொஞ்சம் சர்க்கரையும் சேர்ந்தால், சர்க்கரை குடலுக்குள்ளே உப்பை இழுத்துச் செல்கிறது, உப்பின் பின்னாலேயே நீரும் போகிறது. 1960களில் டாக்கா, கல்கத்தா ஆராய்ச்சிக்கூடங்களில் இது நிச்சயமாயிற்று. 1971இல் யுத்தத்துக்குத் தப்பி எல்லை தாண்டி வந்த அகதிகள் வனகாவ் முகாமில் காலராவால் மடிந்துகொண்டிருந்தபோது, ஊசி வழியாக ஏற்றும் உப்பு நீர் தீர்ந்துபோயிற்று. டாக்டர் திலீப் மகலநாபிஸ் உப்பையும் குளூக்கோஸையும் தண்ணீரில் கரைத்து அண்டா அண்டாவாகக் குடிக்கக் கொடுத்தார். 100க்கு 30 பேர் வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் சாவு 100க்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது.

மருந்து கிடைத்துவிட்டது. அதைக் குடிசைக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது யார்? 1972இல் தொடங்கிய பிராக் என்ற தொண்டு ஸ்தாபனம் 1980இல் இந்த வேலையில் இறங்கியது. அது நம்முடைய இயக்கம் அல்ல, வெளிநாட்டுப் பணமும் அதில் உண்டு. இருந்தாலும் பாடம் எங்கிருந்து வந்தாலும் படித்துக்கொள்ள வேண்டியதுதான். சுவரில் எழுதினால் போதாது, படிக்கத் தெரிந்த தாய்மார் சொற்பம் என்று அவர்கள் கண்டார்கள். பெண் ஊழியர்கள் வீடு வீடாகப் போய் உட்கார்ந்தார்கள். மூன்று விரலால் எடுத்த ஒரு சிட்டிகை உப்பு, நான்கு விரலில் கொள்ளுகிற அளவு வெல்லம், அரைச் சேர் தண்ணீர். எல்லாம் அடுப்படியில் இருக்கிற சாமான். உப்புக் கூடினால் ஆபத்து என்பதால், அந்த வீட்டுப் பாத்திரத்தையே அளந்து பார்த்துத் தாயின் கையாலேயே கலக்கச் சொன்னார்கள். (நமக்கு இன்று ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே அளந்துபோட்ட பொட்டலம் கிடைக்கிறது. அதை வாங்கிக் கொடுப்பதே மேல்.)

ஊழியருக்குச் சம்பளம் கொடுத்த விதத்தை மில் தொழிலாளிகள் கவனிக்க வேண்டும். எத்தனை வீடு ஏறி இறங்கினாய் என்று கணக்குப் பார்க்கவில்லை. சில வாரம் கழித்து வேறொருவர் போய்ச் சில தாய்மாரைத் தேர்ந்தெடுத்து விசாரிப்பார். அவர்களுக்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, கரைசலை எவ்வளவு சரியாகக் கலக்கிறார்களோ, அதற்குத் தக்க கூலி. கூலியை இப்படிக் கட்டிப்போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. பீஸ் ரேட்டின் கொடுமை நமக்குத் தெரியும். ஆனால் சொன்னவர் எவ்வளவு கத்தினார் என்பதை விட்டுவிட்டு, கேட்டவர் மனதில் என்ன தங்கிற்று என்று அளந்தார்களே, அது சரியான அளவுகோல்.

முதலில் காரியம் பலிக்கவில்லை! தாய்மாருக்குப் பாடம் ஒப்பிக்கத் தெரிந்தது, குழந்தைக்குப் பேதி வந்தபோது கொடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜனங்கள் மூடர்கள் என்று கைகழுவிவிடாமல், ஏன் என்று ஊருக்குள் போய் விசாரித்தார்கள். அந்த ஜனங்கள் பேதியை நான்கு வகையாகப் பிரித்துப் பெயர் வைத்திருந்தார்கள்: தாய்ப்பாலால் வருவது, அஜீரணத்தால் வருவது, சீதபேதி, காலராவைப் போல் கொட்டுவது. ஊழியர்கள் சொன்ன 'டயேரியா' என்ற சொல் கடைசி வகைக்கு மட்டுமே அங்கே வழங்கியது. ஆகவே மற்ற மூன்றுக்கும் கரைசல் வேண்டாம் என்று தாய் நினைத்தது அவள் குற்றமா? சொல்லைத் தப்பாகப் பிடித்தவர்கள் படித்தவர்கள்தான்! இன்னொன்று, ஆண்களிடம் யாரும் பேசவில்லை. வீட்டில் அதிகாரம் செலுத்துகிறவனுக்குத் தெரியாத மருந்தை மனைவி எப்படித் துணிந்து கொடுப்பாள்? எல்லாவற்றையும்விடப் பெரிய வெட்கம், ஊழியர்களிலேயே பலருக்கு இந்த மருந்தில் நம்பிக்கையில்லை. தனக்குப் பேதி வந்தால் மாத்திரை தேடினார்கள்.

ஒவ்வொன்றாகத் திருத்தினார்கள். ஜனங்கள் வைத்திருந்த பெயரைச் சொல்லியே பேசினார்கள். சந்தையிலும் மசூதியிலும் ஆண்களைப் பார்த்துப் பேசினார்கள். 1990க்குள் 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். உலகத்தில் இந்தக் கரைசலை மிக அதிகமாகப் பயன்படுத்தும் நாடுகளில் ஒன்றாக வங்க தேசம் ஆயிற்று.

இதோடு நிறுத்திவிட்டால் பாதிக் கதைதான். அதே தேசத்தில், அதே பேதிக்குப் பயந்து, குளத்து நீரை விடுங்கள், குழாய்க்கிணற்று நீரைக் குடியுங்கள் என்று இன்னொரு பிரசாரமும் நடந்தது. ஜனங்கள் கேட்டார்கள், மாறினார்கள். 1993இல் கிணற்று நீரில் ஆர்சனிக் விஷம் கலந்திருப்பது தெரியவந்தது. சொன்னதைக் கேட்ட குற்றத்துக்கு லட்சோப லட்சம் ஏழைகள் விஷம் குடித்திருந்தார்கள்! நீரைச் சோதித்துப் பார்க்காமல் பிரசாரம் செய்தவர்கள் யாருக்குப் பதில் சொன்னார்கள்? பிறகு சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, விஷமுள்ளவற்றுக்குச் சிவப்பும் நல்லவற்றுக்குப் பச்சையும் பூசினார்கள். ஏறக்குறைய 14 லட்சம் கிணறுகள் சிவப்பாயின. பக்கத்தில் பச்சைக் கிணறு இருந்தவர்கள் அங்கே போனார்கள். தூரத்தில் இருந்தவர்களில் பலர் சிவப்பைத் தெரிந்துகொண்டே அதில் குடம் வைத்தார்கள். அவர்களுக்கு எந்த நோட்டீஸ் இனி எதைக் கற்பிக்கும்?

நம் தெருவுக்குச் சுகாதார ஊழியர் வந்தால் விரட்டாதீர்கள். அவரும் சம்பளத்துக்கு உழைக்கிறவர்தான். உட்காரவைத்து, சொல்லுவதைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு மூன்று கேள்வி கேளுங்கள்: இந்தக் குழாய்த் தண்ணீரைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? தெருவுக்குத் தண்ணீர் எந்த நேரத்தில் வரும்? பொட்டலம் கையிருப்பில் இருக்கிறதா? பதிலைச் சங்கத்து நோட்டில் எழுதி வையுங்கள். குழந்தைக்குப் பேதி வந்தால் தண்ணீரை நிறுத்தக் கூடாது, கரைசல் கொடுக்க வேண்டும், தாய்ப்பாலையும் நிறுத்தக் கூடாது என்பதை மில் வாசல் கூட்டத்தில் ஆண்களிடமும் சொல்லுங்கள்.